நாற்பது கிலோ

எடைமேடையில் லோரி இல்லை.
சிவப்பு எண் மட்டும் நாற்பது என்கிறது.

மழைக்குப் பிறகு எப்போதும் இப்படித்தான்.
டயர் கொண்டுவந்த தீம்பார்ச் சேறு
இரும்புத் தகட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
ஏறும் வண்டியிலும் அந்த நாற்பது,
இறங்கும் வண்டியிலும் அதே நாற்பது,
கழித்தால் தானே போய்விடும்,
கணக்குக்கு நட்டமில்லை என்றார்
ஈப்போவிலிருந்து வந்த மெக்கானிக்.
கணக்குக்கு இல்லைதான்.

அக்டோபர். செம்பனை காய்த்துக் கொட்டுகிற மாதம்.
ஒரு பேங்க், இரண்டு அடகுக்கடை, பஸ் நிற்கும் கொட்டகை,
ஊர் முழுக்க ஆலையின் புளித்த வாசம்.
எங்கள் வாசலில் தொடங்கிய வரிசை
ஆ லெக் மளிகைக்கடையைத் தாண்டி
கோயில் வளைவில் வாலை மடக்கி நிற்கிறது.
இருபத்து மூன்று லோரி.
எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் எண்ணினேன்.

சுகுணமலர் பிள்ளை பெறப் போய் மூன்று மாதம்.
அவள் நாற்காலியில் இப்போது கோப்புகள்,
சாய்ந்து, அவளைவிட வசதியாக.
பெர்மிட் புதுப்பிக்க வேண்டிய பதினொரு பாஸ்போர்ட்,
மாதக் கணக்கு, ஓவர்டைம் கணக்கு,
ஷஃபிகுலுக்கு விட்டுப்போன நாற்பத்தெட்டு வெள்ளி.
அவன் அதைக் கேட்பதில்லை.
ஜன்னலருகே வந்து, எங்களிடம் கற்ற தமிழில்
"பசியாறிட்டீங்களா அக்கா" என்று மட்டும் கேட்பான்.
அதுதான் தாங்கவில்லை.

மேனேஜர் போனில் அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குறி.
எந்தக் கேள்வி என்று அவரும் எழுதவில்லை.
வீட்டில், தீபாவளிக்கு வாய் தவறி ஒப்புக்கொண்ட
ஆறு டின் முறுக்குக்கு அரிசி ஊறுகிறது.

ஒரு சீட்டில் லோரி எண்ணுக்குப் பதிலாக
என் அடையாள அட்டை எண்ணை எழுதியிருந்தேன்.
அடுத்த சீட்டில் தேதி இருக்கவேண்டிய இடத்தில் டன்.
பேனா பிடித்த கை
எங்கோ பார்த்த யாருடையதோ போல இருந்தது.
மூச்சு மேலே ஏறி
தொண்டையில், பெர்மிட் இல்லாதவன் மாதிரி, பதுங்கி நின்றது.

அப்போதுதான் பார்த்தேன் அந்த நாற்பதை.

எழுந்தேன். தடைக்கம்பத்தை இறக்கினேன்.
"மிசின் கெட்டுப்போச்சு" என்றேன் ஜன்னல் வழியே.
பொய்தான்.
எந்த மிசின் என்று சொல்லாததால்
முழுப் பொய்யும் இல்லை.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
மண்வெட்டியோடு மேடையில் ஏறினேன்.
ஒரு ஹாரன். பிறகு வரிசை முழுக்க.
செங்கல் நிறச் சேறு, நசுங்கிய செம்பழம்,
மட்டை முள், யாரோ தொலைத்த சாவி,
ஜூலையில் நான் தேடிய நீலப் பேனாவின் மூடி.
ஒரு வாரல். இன்னொரு வாரல்.
வேறெதற்கும் மண்டையில் இடம் தராத வேலை.
முதுகு வலித்தது.
ஆனால் அது இடம் தெரிந்த வலி.

முதல் லோரியிலிருந்து பாக் மான் இறங்கி வந்தார்.
திட்டப் போகிறார் என்று தோள் தானாகக் குறுகியது.
டயர் கழற்றும் கம்பியால்
எதிர்ப்பக்க இடுக்கைக் குத்தத் தொடங்கினார்.
"இதைக் கழுவி எத்தனை நாளாச்சு" என்றார் மலாயில்.
"எதை" என்றேன் தமிழில்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பத்து.
பூச்சியம் வரவில்லை. மறுபடி இறங்கவும் இல்லை.
பத்து என்றால்
என் மகன் முதல் பிறந்தநாளில் இருந்த எடை.
இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடித்திருக்கிறேன்.

மேனேஜருக்கு எழுதினேன்:
இன்று லோரி மட்டும்.
மாதக் கணக்கு வெள்ளிக்கிழமை.
பாஸ்போர்ட் வேலைக்கு ஓர் ஆள் வேண்டும்.
ஷஃபிகுல் பணம் நாளை காலை, அதைத் தள்ள முடியாது.
போனைக் குப்புறக் கவிழ்த்தேன்.
படித்தாரா என்று பார்க்கவில்லை.
பார்த்தேன். ஒரே ஒரு தடவை.

கம்பத்தைத் தூக்கினேன். பாக் மான் வண்டி ஏறியது.
நகக்கண்ணில் சேறு, சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் கறை.
வேறு சீட்டு எழுதவில்லை,
அப்படியே கிழித்துக் கொடுத்தேன்.

இன்னும் இருபத்திரண்டு.
"வரலாம்" என்றேன், ஒரு வண்டியைப் பார்த்து.